பைபிள் சாப்ட்வேரில் கிரேக்க டெபோனென்ட் வினைகளைத் தேடி எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தேடல் பெட்டியில் "டெபோனென்ட்" என்று தட்டினால் புதிய ஏற்பாட்டில் உள்ள டெபோனென்ட் வினைகள் (செய்வினைப் பொருள் தந்தாலும் செய்வினை வடிவம் இல்லாத கிரேக்க வினைகள்) எல்லாம் வரிசையாக வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் நிறையப் பேர். அப்படி வராது. ஒரு சாப்ட்வேரில் ஒன்றுமே வராது, இன்னொன்றில் ஆயிரக்கணக்கில் வரும், மூன்றாவதில் வருகிற பட்டியல் முதல் இரண்டோடும் ஒத்துப்போகாது. பெங்களூரில் லிங்கராஜபுரம் பக்கம் சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிற எங்கள் கிரேக்க வகுப்பில் பாதிப் பேர் ஐடி வேலைக்காரர்கள், மீதிப் பேர் இறையியல் மாணவர்கள். "அண்ணா, ஒரே தேடலில் எல்லாத்தையும் எடுக்க ஒரு வழி சொல்லுங்க" என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பதால், முழுசாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெபோனென்ட் எது என்று சாப்ட்வேருக்குத் தெரியாது. மூலபாடத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் யாரோ ஒரு அறிஞர் உட்கார்ந்து ஒட்டிய இலக்கணக் குறியீடுதான், அதாவது டேக்தான், அதற்குத் தெரியும். அந்த அறிஞர் டெபோனென்ட் என்ற வகையை நம்புகிறவராக இருந்தால் குறியீட்டில் அது இருக்கும், நம்பாதவராக இருந்தால் இருக்காது. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் வேலைதான்.

டெபோனென்ட் என்றால் என்ன, சண்டை எதற்கு

கிரேக்க வினைக்கு வாய்ஸ் என்ற வகையில் மூன்று வடிவம்: செய்வினை, மிடில் (செய்கிறவரே வினைக்குள் இருப்பது), பாசிவ் (செயப்பாட்டுவினை). சில வினைகளுக்கு அகராதியிலேயே செய்வினை வடிவம் கிடையாது. "வருகிறேன்" என்பதற்கு எர்கொமாய், "ஆகிறேன்" என்பதற்கு கினொமாய், "பதில் சொல்கிறேன்" என்பதற்கு அபொக்ரினொமாய். வடிவத்தில் மிடில் அல்லது பாசிவ், பொருளில் செய்வினை போல இருக்கிறது, ஆகவே செய்வினையைக் கழற்றிப் போட்டுவிட்ட வினைகள் என்று லத்தீன் இலக்கணத்திலிருந்து ஒரு பெயரைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

இந்தப் பெயர் கிரேக்கத்துக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்ற முணுமுணுப்பு பழையது. ஏ. டி. ராபர்ட்சன் 1914-இல் வெளியிட்ட பெரிய இலக்கண நூலிலேயே அதை எழுதிவிட்டார். 2003-இல் ரட்கர் ஆலன் மிடில் வடிவத்தின் பல பொருள்களை வகைப்படுத்தி ஆய்வு செய்தார். 2010-இல் அட்லாண்டாவில் நடந்த விவிலிய இலக்கியச் சங்க (எஸ்பிஎல்) கூட்டத்தில் இந்த வகையையே விட்டுவிட வேண்டும் என்று கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், பழைய டேக்குகள் இந்த விவாதம் சூடுபிடிக்கும் முன்னால் ஒட்டப்பட்டவை, புதியவற்றில் பல அதற்குப் பிறகு வந்தவை. உங்கள் கையில் இருப்பது எந்தக் காலத்துச் சரக்கு என்று பார்க்காமல் எண்ணிக்கையை நம்பக் கூடாது.

படி 1: எந்தக் கூட்டத்தைத் தேடுகிறீர்கள்?

பாடப்புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லும். தேடும்போது நான்காகப் பிரித்தால்தான் கை ஓடும்.

முதல் கூட்டம், புதிய ஏற்பாட்டில் எந்தக் காலத்திலும் செய்வினை வடிவமே இல்லாதவை. துனாமாய் (முடியும்), பொரெயுவொமாய் (போகிறேன்), தெகொமாய் (ஏற்றுக்கொள்கிறேன்), அஸ்பாசொமாய் (வாழ்த்துகிறேன்), ப்ரொசெயுகொமாய் (ஜெபிக்கிறேன்) போன்றவை.

இரண்டாவது, நிகழ்காலத்தில் செய்வினை இல்லை, ஆனால் வேறு காலத்தில் இருக்கிறது. எர்கொமாய் இதில்தான் வரும், ஏனென்றால் அதன் அயோரிஸ்ட் (ஒருவகை இறந்தகாலம்) எல்தொன் சுத்தமான செய்வினை. கினொமாய்க்கும் பெர்ஃபெக்ட் காலத்தில் (முடிந்து பலன் நிற்கிற காலம்) கெகொனா என்று செய்வினை வடிவம் உண்டு. ஆக, வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற இரண்டு பெரிய டெபோனென்ட்களும் "செய்வினையே இல்லை" என்ற கண்டிப்பான வரையறையில் தேறாது.

மூன்றாவது அதற்குத் தலைகீழ். நிகழ்காலம் செய்வினை, எதிர்காலம் மட்டும் மிடில். லம்பானோ (எடுக்கிறேன்) எதிர்காலத்தில் லெம்ப்சொமாய் ஆகிறது, கினோஸ்கோ (அறிகிறேன்) க்னோசொமாய் ஆகிறது, ஹொராஓ (காண்கிறேன்) ஒப்சொமாய் ஆகிறது, எய்மி (இருக்கிறேன்) எசொமாய் ஆகிறது. அகராதி வடிவத்தை வைத்துத் தேடினால் இவை வலையிலேயே விழாது.

நான்காவதுதான் தொல்லை. செய்வினையும் உண்டு, மிடிலும் உண்டு, இரண்டுக்கும் பொருள் வேறு. ஆர்கோ என்றால் ஆளுகிறேன், ஆர்கொமாய் என்றால் தொடங்குகிறேன். ஹப்தோ என்றால் விளக்கு ஏற்றுகிறேன், ஹப்தொமாய் என்றால் தொடுகிறேன். ஸ்ட்ராங் எண்ணில் (ஸ்ட்ராங் அகராதி ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் கொடுத்த எண்) இவை தனித்தனி: ஆர்கொமாய் 756, ஆர்கோ 757, ஹப்தொமாய் 680, ஹப்தோ 681. ஆனால் எல்லா டேட்டாபேஸும் இப்படிப் பிரிப்பதில்லை, சில இரண்டையும் ஒரே தலைச்சொல்லில் போட்டுவிடும். இந்தக் கூட்டத்தை டெபோனென்ட் என்று சொல்வது எனக்கு ஒப்புதல் இல்லை, ஆனாலும் தேடலில் வந்து விழும், அதனால் தெரிந்திருக்க வேண்டும்.

படி 2: உங்கள் பாடத்தில் என்ன டேக் இருக்கிறது?

சாப்ட்வேரின் பெயரைவிட அதில் திறந்திருக்கும் கிரேக்கப் பாடத்தின் பெயர்தான் முக்கியம். ஒரே சாப்ட்வேரில் இரண்டு பாடங்கள் இரண்டு டேக் முறையில் இருக்கலாம்.

கண்டுபிடிக்க யோவான் சுவிசேஷம் மட்டும் போதும். 1:14-இல் "வார்த்தை மாம்சமாகி" என்ற இடத்தில் எகெனெதோ என்ற சொல், 3:3-இல் தொடக்கத்திலேயே அபெக்ரிதே, 4:21-இல் "காலம் வருகிறது" என்ற இடத்தில் எர்கெதாய். மூன்றின் மேலும் மவுஸை வைத்து, வாய்ஸ் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

முறையே மிடில் டெபோனென்ட், பாசிவ் டெபோனென்ட், மிடில் அல்லது பாசிவ் டெபோனென்ட் என்று வந்தால் நீங்கள் ராபின்சன் அல்லது ஃப்ரைபெர்க் வகை டேக்கில் இருக்கிறீர்கள். ராபின்சன் குறியீட்டில் இவற்றுக்கான எழுத்துகள் "டி", "ஓ", "என்". இலவச சாப்ட்வேர்களில் டெக்ஸ்டஸ் ரிசெப்டஸ் என்ற பழைய அச்சுக் கிரேக்கப் பாடத்தோடு ஸ்ட்ராங் எண்ணும் ஆர்எம்ஏசி என்ற குறியீட்டு அகராதியும் சேர்ந்து வருகிறதே, அது பெரும்பாலும் இந்த வகைதான். இ-ஸ்வோர்ட், மைஸ்வோர்ட் வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமாக இருக்கும்.

மிடில், பாசிவ், "மிடில் அல்லது பாசிவ்" என்று மட்டும் வந்து டெபோனென்ட் என்ற பேச்சே இல்லை என்றால், வடிவத்தை மட்டும் பார்த்து ஒட்டிய டேக். லோகோஸ் சாப்ட்வேரின் சொந்த டேக் முறை இப்படி. பைபிள் ஹப் இணையதளத்தில் எர்கெதாய்க்கு "எம்/பி" என்று இரண்டையும் சேர்த்தே போட்டிருப்பார்கள்.

மூன்றாவது வகை மார்ஃப்ஜிஎன்டி, படி 5-இல் வருகிற இலவச டேக் கோப்புகள். இதில் ஏ, எம், பி என்று மூன்றே எழுத்து. இரண்டுக்கும் பொதுவான வடிவமாக இருந்தாலும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பதால், அந்த இடங்களில் டேக் ஒட்டியவரின் தீர்ப்பு உள்ளே வந்துவிடுகிறது.

இங்கே ஒரு அடிப்படை விஷயத்தை மறந்தால் பிறகு குழம்பும். நிகழ்காலம், இம்பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட், ப்ளூபெர்ஃபெக்ட் நான்கிலும் மிடிலுக்கும் பாசிவுக்கும் ஒரே வடிவம். அயோரிஸ்டிலும் எதிர்காலத்திலும் மட்டும்தான் இரண்டும் தனித்தனி.

படி 3: டெபோனென்ட் டேக் இருந்தால்

வேலை சுலபம், ஆனால் அரைகுறையாக முடிய நிறைய வாய்ப்பு உண்டு. மிடில் டெபோனென்டை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு நிறுத்தினால், நிகழ்கால வடிவங்கள் எல்லாம் "என்" எழுத்தில் இருப்பதால் எர்கெதாய் வராது, அபெக்ரிதே "ஓ"-வில் இருப்பதால் அதுவும் வராது. மூன்றையும் "அல்லது" போட்டுச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, ராபின்சன் குறியீட்டில் இரண்டாம் அயோரிஸ்டுக்கு முன்னால் "2" என்ற எண் வரும். எகெனெதோவின் குறியீடு "வி-2ஏடிஐ-3எஸ்". குறியீட்டை நேரடியாகத் தட்டித் தேடுகிறவர்கள் அந்த 2-க்கு இடம் விடாமல் வடிவமைத்தால், புதிய ஏற்பாட்டில் அடிக்கடி வருகிற சொற்களில் ஒன்றான எகெனெதோ முழுக்க விட்டுப்போகும். முடிவுகளில் "நடந்தது என்னவென்றால்" என்று தொடங்குகிற லூக்கா வசனங்கள் கண்ணில் படவில்லை என்றால் இதுதான் காரணம்.

இந்த வழியில் கிடைப்பது டேக் ஒட்டியவரின் கருத்து. பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்தொன் போன்ற செய்வினை வடிவங்கள் இதில் வராது, வரவும் கூடாது.

படி 4: டெபோனென்ட் டேக் இல்லாவிட்டால்

இப்போது அகராதி வடிவத்தையும் வாய்ஸையும் சேர்த்துத் தேட வேண்டும். அகராதி வடிவம் மியூ, ஆல்பா, இயோட்டா என்ற மூன்று எழுத்தில் முடிகிற வினைகள் வேண்டும் என்று கேட்பதுதான் வழி. பலர் அதற்கு முன்னால் ஒமிக்ரானையும் சேர்த்து "ஒமாய்" என்று தேடுகிறார்கள். அப்படிச் செய்தால் துனாமாய், காதெமாய் (உட்கார்ந்திருக்கிறேன்), கெய்மாய் (கிடக்கிறேன்) மூன்றும் தப்பிவிடும். "மாய்" மட்டும் போதும். இந்த மூன்று எழுத்தின் மேல் அகராதி வடிவத்தில் அழுத்தக் குறி விழாது என்பதால் யூனிகோட் தலைவலியும் குறைவு.

அக்கார்டன்ஸ் சாப்ட்வேரில் நட்சத்திரக் குறியைப் போட்டு அதன் பின்னால் இந்த எழுத்துகளைத் தட்டினால் அகராதி வடிவங்கள் வந்துவிடும். அதோடு "@" குறி போட்டு வினை என்ற டேக்கை இணைத்து, உள்ளே வாய்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். லோகோஸில் மார்ஃப் தேடலைத் திறந்து "@" தட்டினால் தேர்வுப் பலகை ஒன்று விரியும், அங்கே வினை, காலம், வாய்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொடுக்கலாம். ஒரு குறிப்பிட்ட வினைக்கு என்றால் தட்டச்சே வேண்டாம், பாடத்தில் அந்தச் சொல்லின் மேல் ரைட் கிளிக் செய்து அகராதி வடிவத்தைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்தே தேடுவதுதான் பிழை இல்லாத வழி. கேம்பிரிட்ஜ் டின்டேல் ஹவுஸிலிருந்து வருகிற ஸ்டெப் பைபிள் இலவசம், பிரவுசரிலேயே ஓடும். மொத்தப் பட்டியல் எடுப்பதைவிட ஒரு சொல்லைக் கிளிக் செய்து அதன் இலக்கணத்தையும் வரும் இடங்களையும் பார்ப்பதற்கு அது அருமை. பைபிள்வொர்க்ஸ் கம்பெனியை 2018-இல் மூடிவிட்டார்கள், ஆனாலும் பழைய லேப்டாப்பில் அதை வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிற போதகர்களை எனக்குத் தெரியும். அதில் ஃப்ரைபெர்க் டேக் உள்ள பாடம் இருப்பதால் அவர்களுக்குப் படி 3 பொருந்தும்.

"மாய்" தேடல் தவறவிடுகிற ஒரு முக்கியமான வினை "பயப்படுகிறேன்". இதை ஸ்ட்ராங் 5399 செய்வினை வடிவில் ஃபொபெஓ என்று பதிந்திருக்கிறது. புதிய ஏற்பாட்டில் செய்வினையாக ஒரு இடத்தில்கூட வராத வினை இது, ஆனால் தலைச்சொல் "ஓ" என்று முடிகிறது. சில டேட்டாபேஸ் ஃபொபெஒமாய் என்று வைத்திருக்கும், சில ஃபொபெஓ என்று. ஆகையால் "மாய்" தேடலின் பட்டியலில் இந்த வினை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் உங்கள் பாடம் ஃபொபெஓ என்று வைத்திருக்கிற வகை. இதேபோல் வேறு வினைகளும் விட்டுப்போயிருக்கும் என்று அர்த்தம், அவற்றைப் பிடிக்க அடுத்த படிதான் சரி.

மூன்றாவது கூட்டத்துக்கு, அதாவது எதிர்காலத்தில் மட்டும் மிடிலாக மாறுகிறவற்றுக்குத் தனித் தேடல்: வினை, எதிர்காலம், மிடில், அகராதி வடிவம் "ஓ" அல்லது "மி" என்று முடிவது. எய்மியை இந்தத் தேடலிலிருந்து கழித்துவிடுங்கள், எஸ்தாய் என்ற சொல்லே பக்கம் பக்கமாக வந்து மற்றதை மறைத்துவிடும். அகூஓ (கேட்கிறேன்) இதில் வேடிக்கையான ஆள், யோவான் 5:25-இல் எதிர்காலம் செய்வினையாகவும் அப்போஸ்தலர் 3:22-இல் மிடிலாகவும் வருகிறது.

வசனத்தைத் தேடுகிறீர்களா, சொல்லைத் தேடுகிறீர்களா?

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழையான முடிவுகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. ஸ்ட்ராங் எண் 611-ம் (அபொக்ரினொமாய்) மிடில் டேக்கும் வேண்டும் என்று "மற்றும்" போட்டுத் தேடினால், பல இலவச சாப்ட்வேர்கள் இரண்டும் ஒரே வசனத்தில் எங்காவது இருந்தால் போதும் என்று எடுத்துக்கொள்ளும். அபெக்ரிதே ஒரு பக்கம், அதே வசனத்தில் எர்கெதாய் இன்னொரு பக்கம் இருந்தாலும் அந்த வசனம் முடிவில் வந்துவிடும். நீங்கள் கேட்டது ஒரே சொல்லுக்கு இரண்டு நிபந்தனை, அது புரிந்துகொண்டது ஒரே வசனத்தில் இரண்டு சொல். அக்கார்டன்ஸின் "@" ஒரே சொல்லின் மேல் இரண்டையும் கட்டுவதற்காகவே இருக்கிறது. அந்த வசதி இல்லாத சாப்ட்வேரில் முடிவுகளைக் கண்ணால் சலிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இல்லையா, கீழே உள்ள படி 5-க்கு வாருங்கள்.

படி 5: காசு செலவில்லாமல், எக்செல் தெரிந்தவர்களுக்கு

என் மனசுக்குப் பிடித்த வழி இதுதான். அலுவலகத்தில் தினமும் பிவட் டேபிள் போடுகிற ஊர் இது, அதையே சனிக்கிழமை பவுலுக்கும் யோவானுக்கும் போட்டால் என்ன?

மார்ஃப்ஜிஎன்டி கோப்புகள் கிட்ஹப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. மத்தேயு முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை 27 புத்தகத்துக்கு 27 டெக்ஸ்ட் கோப்பு, வரிக்கு ஒரு சொல். ஒவ்வொரு வரியிலும் ஏழு பத்திகள்: ஆறு இலக்கத்தில் புத்தகம்-அதிகாரம்-வசனம், சொல்வகை, எட்டு எழுத்து இலக்கணக் குறியீடு, நிறுத்தற்குறியோடு சொல், நிறுத்தற்குறி இல்லாமல் சொல், சீராக்கிய வடிவம், கடைசியில் அகராதி வடிவம். அடிப்படைப் பாடம் 2010-இல் வெளியான எஸ்பிஎல் கிரேக்கப் புதிய ஏற்பாடு.

எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக ஒட்டி லிப்ரே ஆபிஸ் கால்க் அல்லது எக்செலில் திறக்கவும். திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்க வேண்டும், பத்தி பிரிப்பான் இடைவெளி. முதல் பத்தியை டெக்ஸ்ட் என்று குறிக்காவிட்டால் மத்தேயுவின் "01"-இல் இருக்கும் சுழியத்தைத் தின்றுவிடும். சுமார் 1,38,000 வரி வரும், லேப்டாப் கொஞ்சம் முனகும், பரவாயில்லை.

சொல்வகைப் பத்தியில் "வி-" என்று இருப்பவற்றை மட்டும் வடிகட்டுங்கள். இலக்கணக் குறியீட்டில் முதல் எழுத்து இடம் (தன்மை, முன்னிலை, படர்க்கை), இரண்டாவது காலம், மூன்றாவது வாய்ஸ். இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து ஒரு புதிய பத்தியாக எடுங்கள். "பிஎம்" என்றால் நிகழ்கால மிடில், "ஏபி" என்றால் அயோரிஸ்ட் பாசிவ், "எஃப்எம்" என்றால் எதிர்கால மிடில். பெர்ஃபெக்டுக்கு எக்ஸ், ப்ளூபெர்ஃபெக்டுக்கு ஒய். இப்போது பிவட் டேபிள்: வரிசைகளில் அகராதி வடிவம், தலைப்புகளில் இந்த இரண்டெழுத்து, கட்டங்களில் எண்ணிக்கை.

அவ்வளவுதான். செய்வினைக் கட்டங்கள் எல்லாம் காலியாக இருக்கிற வரிசைகள் முதல் கூட்டம். நிகழ்காலம், இம்பெர்ஃபெக்ட் செய்வினை காலி, வேறு காலச் செய்வினையில் எண் இருந்தால் இரண்டாவது கூட்டம், எர்கொமாயும் கினொமாயும் அங்கே உட்கார்ந்திருக்கும். நிகழ்காலச் செய்வினையில் எண் இருந்து, எதிர்காலச் செய்வினை காலியாகி, எதிர்கால மிடிலில் எண் இருந்தால் மூன்றாவது கூட்டம். தலைச்சொல் "ஓ" என்று முடிகிறதா "மாய்" என்று முடிகிறதா என்ற பிரச்சினையே இல்லை, ஃபொபெஓ எந்தப் பெயரில் இருந்தாலும் செய்வினைக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். பைதான் எழுதுகிறவர்கள் இதைச் சின்ன நிரலாகவே முடித்துவிடுவார்கள். ஆனால் வேறு பாடத்தோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் இரண்டு பக்கமும் யூனிகோடை ஒரே முறையில் சீராக்கிக்கொள்ளுங்கள், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற ஆல்பா-மேல்-அழுத்தக்குறிக்கு இரண்டு வேறு குறியீட்டு எண் உண்டு.

முதல் கூட்டத்தில் குப்பையும் வரும். எபிரெயர் 11:37-இல் "வாளால் அறுப்புண்டார்கள்" என்ற வினை புதிய ஏற்பாட்டிலேயே அந்த ஒரு இடத்தில்தான், அதுவும் பாசிவில். செய்வினைக் கட்டம் காலி என்பதற்காக அதை டெபோனென்ட் என்று யாராவது சொல்வார்களா? எபிரெயர் 10:33-இல் "வேடிக்கையாக்கப்பட்டு" என்பதும் அப்படியே. ஒரு தடவை, இரண்டு தடவை மட்டும் வருகிற வினைகளைத் தனியாக ஒதுக்கி, ஒவ்வொன்றையும் அகராதியில் பார்த்து, புதிய ஏற்பாட்டுக்கு வெளியே செய்வினை உண்டா என்று சோதித்த பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான், மெட்ரோவில் வைட்ஃபீல்ட் போகிற நேரத்தில் செய்யலாம்.

படி 6: தேடல் சரியா என்று சோதிப்பது

பெரிய பட்டியலை நம்புவதற்கு முன்னால், விடை தெரிந்த ஒரு கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். அபொக்ரினொமாய் சுமார் 230 தடவை வருகிறது, அயோரிஸ்டில் கிட்டத்தட்ட எப்போதும் பாசிவ் வடிவம்தான். அயோரிஸ்ட் மிடில் வருவது ஏழு இடங்களில்: மத்தேயு 27:12, மாற்கு 14:61, லூக்கா 3:16, லூக்கா 23:9, யோவான் 5:17, யோவான் 5:19, அப்போஸ்தலர் 3:12. உங்கள் தேடல் இந்த ஏழைக் கொண்டுவந்தால் அகராதி வடிவமும் வாய்ஸும் ஒரே சொல்லின் மேல் சரியாகக் கட்டப்பட்டிருக்கின்றன. நூற்றுக்கணக்கில் வந்தால் வசன அளவில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொரு சோதனை யூஅங்கெலிசொமாய், நற்செய்தி அறிவிக்கிறேன். டெபோனென்ட் பட்டியல்களில் இதைத் தாராளமாகச் சேர்த்திருப்பார்கள். ஆனால் வெளிப்படுத்தின விசேஷம் 10:7, 14:6 இரண்டிலும் செய்வினை வடிவம் வருகிறது. பிவட் டேபிளில் அந்த இரண்டும் தெரிந்தால் கோப்புகள் எல்லாம் முழுமையாக ஏறியிருக்கின்றன என்றும் தெரிந்துகொள்ளலாம், கடைசிப் புத்தகம் விட்டுப்போவது சகஜம்.

படி 7: கிடைத்ததை வைத்து என்ன செய்வது

பட்டியலை எடுத்த கையோடு "இதெல்லாம் சும்மா வடிவம்தான், பொருள் செய்வினை" என்று ஒதுக்கிவிடுவதுதான் பழைய வகுப்பறைப் பழக்கம். தமிழ் பேசுகிற நமக்கு அப்படி ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கட்சி. பட்டியலைப் பொருள்வாரியாக அடுக்கிப் பாருங்கள். பெற்றுக்கொள்வது, ஏற்றுக்கொள்வது, நினைத்துக்கொள்வது, படுத்துக்கொள்வது, ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்வது, சண்டை போட்டுக்கொள்வது என்று வரிசையாக வரும். வினை செய்கிறவர் தானே அதற்குள் இருக்கிறார், அதன் பலன் அவரிடமே திரும்புகிறது என்பதை நாம் "கொள்" போட்டுச் சொல்கிறோம். தெகொமாய் வருகிற மத்தேயு 10:40-ஐ நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு "உங்களை ஏற்றுக்கொள்ளுகிறவன் என்னை ஏற்றுக்கொள்ளுகிறான்" என்று போட்டிருக்கிறது, யாரும் அதைப் போலிச் செய்வினை என்று சொல்வதில்லை. எல்லா மிடிலுக்கும் "கொள்" பொருந்தாது, எர்கொமாய்க்குப் பொருந்தாது, துனாமாய்க்கும் பொருந்தாது. ஆனால் பட்டியலைப் பிரிக்க ஆரம்பிப்பதற்கு இது நல்ல சல்லடை.

வடிவத்தை ஒரேயடியாக நம்புவதும் ஆபத்து. 1 கொரிந்தியர் 13:8-இல் அந்நிய பாஷைகள் "ஓய்ந்துபோம்" என்ற இடத்தில் பவுசொன்தாய், எதிர்கால மிடில். மிடில் என்பதால் பாஷைகள் தாமாகவே ஓய்ந்துவிடும், வெளியிலிருந்து யாரும் நிறுத்த வேண்டாம் என்று ஒரு பிரசங்கம் எல்லா ஊரிலும் ஓடுகிறது, பெங்களூர் தமிழ் ஆராதனைகளிலும் கேட்டிருக்கிறேன். டெபோனென்ட், மிடிலுக்குப் பொருளே இல்லை என்று எதிர்ப்பக்கம் பதில் சொல்கிறது. தேடிப் பார்த்தால் இரண்டுமே கொஞ்சம் ஆடும். அதே வினை 1 பேதுரு 3:10-இல் செய்வினையில் வருகிறது, ஒருவன் தன் நாவைப் பொல்லாப்பிலிருந்து நிறுத்தட்டும் என்ற இடத்தில், புதிய ஏற்பாட்டில் இதன் செய்வினை அது ஒன்றுதான். செய்வினை இருப்பதால் கண்டிப்பான வரையறையில் இது டெபோனென்ட் அல்ல. மற்றபடி எங்கேயும் "நின்றுபோவது, ஓய்வது" என்பதற்கு மிடில்தான் வழக்கமான வடிவம். லூக்கா 8:24-இல் இயேசு அதட்டியதும் காற்றும் அலையும் ஓய்ந்தன என்ற இடத்திலும் இதே மிடில்தான், அங்கே யார் நிறுத்தினார் என்பதில் சந்தேகமே கிடையாது. ஆகவே மிடில் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு 13:8-இல் அவ்வளவு பெரிய கட்டடம் எழுப்ப முடியாது.

பரமண்டல ஜெபத்திலும் ஒன்று இருக்கிறது. மத்தேயு 6:10-இல் கெனெதேதோ, கினொமாயின் அயோரிஸ்ட் பாசிவ் வடிவம், ராபின்சன் டேக்கில் பாசிவ் டெபோனென்ட். நம் பழைய வேதாகமம் "செய்யப்படுவதாக" என்று பாசிவாகவே வைத்தது, "ஆகட்டும்" என்றும் வைத்திருக்கலாம். மத்தேயு 28:6-இல் எகெர்தே, "உயிர்த்தெழுந்தார்" என்கிறோம், வடிவம் பாசிவ், செய்வினை ஏராளமாக உண்டு என்பதால் டெபோனென்ட் பட்டியலில் வராது, ஆனாலும் "எழுந்தார்" என்பதா "எழுப்பப்பட்டார்" என்பதா என்று டேக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. "தே" என்று முடிகிற அயோரிஸ்ட்களைத் தனித் தேடலாக எடுத்து, இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்ல பயிற்சி.

சேமிக்கும்போது கோப்பின் தலையில் மூன்று விஷயம் எழுதிவையுங்கள்: எந்தக் கிரேக்கப் பாடம், எந்த டேக் முறை, நான்கில் எந்தக் கூட்டம். மில்லர்ஸ் ரோட்டில் யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜில் படிக்கிற தம்பி ஒருவர் கட்டுரைக்காக எடுத்த எண்ணிக்கையும் எங்கள் வகுப்பில் எடுத்த எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று அரை மணி நேரம் பேசிய பிறகுதான், அவருடையது டெக்ஸ்டஸ் ரிசெப்டஸ் என்றும் எங்களுடையது எஸ்பிஎல் என்றும் தெரிந்தது. செப்டுவஜின்டையும் (பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு) சேர்க்க நினைக்கிறவர்கள் அதைத் தனி ஷீட்டில் வையுங்கள், அதன் டேக் முறை வேறு, இதோடு ஒட்டினால் பிவட் டேபிள் கலங்கிவிடும்.